அளத்து வாய்க்காலில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுங்கள்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

உப்பில் ஈயம், பாதரசம் மாதிரி உலோகங்கள் வந்து சேர்கிறதா என்று சோதிக்கக் கேட்டு, இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கடல் ஒருவர் பொறுப்பு, கடையில் தொங்கும் உப்புப் பாக்கெட் இன்னொருவர் பொறுப்பு. நடுவில் கிடக்கிற உப்பளத்துத் தண்ணீர் யார் பொறுப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜெய்ப்பூரில் இருக்கும் உப்பு ஆணையர் அலுவலகத்துக்கும் இதன் நகல் ஒன்று போகிறது. அது அவர்கள் பொறுப்பாக இருக்குமானால் அவர்களும் படிக்கட்டும்.

நான் தூத்துக்குடிக்காரன். ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அளத்தில் உப்பு வாரியவள். விடியுமுன் போய், வெயில் ஏறுவதற்குள் முடிந்த மட்டும் வாரிக் கரையேற்றிவிட்டு வருவாள். எங்கள் வீட்டில் சோறு வெந்தது அந்தக் கூலியில்தான். அதனால் உப்பைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசி நாலு பேர் பிழைப்பில் மண்ணைப் போடுகிற ஆள் நான் இல்லை. இந்த மடலைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் பதினோராம் வகுப்பில் கரைசல்களின் செறிவு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் வீடு தெர்மல் பக்கம், அதாவது அனல் மின் நிலையத்துப் பக்கம். “சார், தெர்மல் சாம்பல் கடல்ல போகுதுல்லா? அந்தத் தண்ணியிலதான உப்பு வெளையுது? அப்ப சாம்பல்ல இருக்கதெல்லாம் உப்புலயும் வருமா?” என்றாள்.

எங்கள் ஊர் அனல் மின் நிலையம் 1979-ல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு என்பது பாடப்புத்தகச் செய்தி. சாம்பல் குளங்கள் கடலோரத்தில் இருப்பதை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆக, பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. “கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். இந்த மடலுக்கு விதை அந்தக் கணக்குதான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் 35 கிராம். அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு 27 கிராம் போல. ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் வேண்டும். சிந்தினது சிதறினது சேர்த்து 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். இந்த 40 லிட்டரில் எவ்வளவு உலோகம் இருக்கலாம்? அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே என்று கடல்நீர்த் தரப் பட்டியலை எடுத்தேன்.

1998-ல் மத்திய அரசு கடலோர நீரை ஐந்து வகையாகப் பிரித்து அறிவித்தது. முதல் வகை, எஸ்.டபிள்யூ. ஒன்று. உப்பளம், சிப்பி எடுப்பு, கடல் வளர்ப்பு, சூழல் நுட்பமான பகுதி ஆகியவற்றுக்கு உரிய நீர் அது. எங்கள் உப்பளங்களுக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா, 21 தீவுகளோடு 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். எந்தப் பக்கம் பார்த்தாலும் முதல் வகை. அந்த முதல் வகை நீரில் பாதரசம், ஈயம், காட்மியம் மூன்றுக்கும் ஒரே வரம்பு: லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மற்ற உலோகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. நிலக்கரிச் சாம்பல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஆர்செனிக்கும் இல்லை.

40 லிட்டரை 0.01-ஆல் பெருக்கினால் 0.4 மில்லிகிராம். அதாவது வரம்புக்குள் இருக்கிற, சட்டப்படி ‘நல்ல’ கடல்நீரிலிருந்து ஒரு கிலோ உப்புக்கு, மூன்று உலோகங்களிலும் தலா 0.4 மில்லிகிராம் வரை வந்து சேர வழி இருக்கிறது. உணவு உப்புக்கு கோடெக்ஸ் என்ற உலகத் தரப் பட்டியல் வைத்திருக்கும் வரம்புகளைப் பக்கத்தில் எழுதினோம். ஈயம் கிலோவுக்கு 1 மில்லிகிராம். 0.4 அதற்குக் கீழே, சரி. காட்மியம் 0.5. மயிரிழையில் தப்பியது. பாதரசம் 0.1.

வகுப்பில் சத்தம் நின்றது. கணக்கில் பிசகு என்று நினைத்து நான் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பிசகு இல்லை. உப்பளத்துக்கென்றே வகுத்த கடல்நீர் வரம்பு, உப்புக்கான பாதரச வரம்பைவிட நான்கு மடங்கு தளர்வாக இருக்கிறது.

வீட்டுக்குப் போய் இன்னொரு பட்டியலையும் பார்த்தேன். ஆலைக் கழிவுநீரைக் கடலில் விடுவதற்கான பொதுத் தரம். அதில் பாதரசத்துக்கு என்ன வரம்பு? லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆலையின் குழாய்வாயில் அனுமதிக்கிற அளவும், உப்பளத்துக்குள் ஏற்றுகிற கடலில் அனுமதிக்கிற அளவும் ஒன்றேதான். குடிநீருக்கான இந்தியத் தரம் 0.001. ஈயமும் காட்மியமும் வேறு மாதிரி: குழாய்வாயில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை விடலாம், உப்பளக் கடலில் 0.01-தான் இருக்கலாம். நடுவில் உள்ள 200 மடங்கைக் கடல் கரைத்துக்கொள்ளும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். ஆழ்கடலில் அது நடக்கலாம். அலை குறைந்த, தீவுகள் மறைத்த, ஓத நீர் ஏறி இறங்கும் ஒரு ஓடைக்குள் எவ்வளவு கரையும்?

இந்தப் பட்டியலை எழுதியவர்கள் விஷயம் தெரியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. உலோக வரம்புக்கு எதிரே உள்ள குறிப்பிலேயே, இந்த எண்கள் உப்பிலும் மீனிலும் சிப்பியிலும் எவ்வளவு சேர்கிறது, ஒருவர் நாளுக்குச் சராசரியாக எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்தவை என்று போட்டிருக்கிறார்கள். கடலிலிருந்து உப்புக்கு, உப்பிலிருந்து உடம்புக்கு என்று தொடர்ச்சியாக அளக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் குறிப்பு எழுதிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இனி நானே என் கணக்கை மறுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் அலுவலக விஞ்ஞானி முதல் பக்கத்திலேயே இதை மடித்து வைத்துவிடுவார்.

அளத்தில் நடப்பது வெறுமனே தண்ணீர் வற்றுவது இல்லை. வாய்க்காலில் வரும் கடல்நீர் 3, 3½ டிகிரி இருக்கும். டிகிரி என்று அளத்தில் சொல்வது சூட்டை இல்லை, தண்ணீரின் உப்புச் செறிவை. பெரிய பாத்திகளில் கட்டிக் காயவிடக் காயவிட டிகிரி ஏறும். சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படியும். கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து, 25 டிகிரி வந்ததும் உப்புப் பாத்திக்குத் திருப்புவார்கள். அங்கேதான் உப்பு இறங்கும். படிகம் வளரும்போது சோடியமும் குளோரைடும் வரிசை கட்டிச் சேரும். வேற்று அயனிகளை அது பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். 29, 30 டிகிரிக்கு மேல் மிஞ்சும் கசப்பு நீரில்தான் மற்றதெல்லாம் தங்கும். அந்த நீரை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருவார்கள். பாதரசத்தில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகவும் போகும். அதனால் 0.4 என்பது ஒரு துளிகூட வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்ட, நடைமுறையில் நடக்காத உச்சம். நிஜத்தில் கடல்நீரும் பெரும்பாலான நேரம் 0.01-க்கு வெகு கீழேதான் இருக்கும்.

இவ்வளவும் சரி. ஆனால் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது, ஏனென்றால் உலோகம் உப்புக்கு வரும் பெரிய வழி கரைசல் இல்லை. சேறு.

உப்பில் தண்ணீரில் கரையாத பொருள் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்று நம் உணவுத் தர விதி சொல்கிறது. ஒரு கிலோவுக்கு 10 கிராம். கல்லுப்பைச் செம்பில் கரைத்து வைத்தால் அடியில் பழுப்பாக நிற்குமே, அதுதான். எங்கள் ஆச்சி கல்லுப்பை நேரே குழம்பில் போட மாட்டாள். பானையில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் ஊற்றுவாள். பல் கடிபடக் கூடாது என்பதற்காகச் செய்தாள். அவளை அறியாமலேயே ஈயத்தையும் வடிகட்டியிருக்கிறாள். மாசே படாத மண்ணிலும் கிலோவுக்கு 15, 20 மில்லிகிராம் ஈயம் இயற்கையாக இருக்கும். 10 கிராம் சேறு என்றால் 0.2 மில்லிகிராம். அது பிழைத்துப் போகட்டும். அதே சேறு கழிவு கலந்த ஓடையின் சேறாக இருந்து, கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயத்தைப் பிடித்து வைத்திருந்தால்? அந்த 10 கிராமே 1 மில்லிகிராமைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். உப்பின் வரம்பு அங்கேயே முடிந்தது. கடல்நீரை எத்தனை முறை சோதித்தாலும் இது கண்ணில் படாது, ஏனென்றால் உலோகம் நீரில் மிதப்பதை விட்டுவிட்டுச் சேற்றில் ஒட்டிக்கொண்டது.

கழுவிச் சுத்திகரித்த தூள் உப்பில் இந்தச் சேறு பெரும்பாலும் போய்விடும். கல்லுப்பில் போகாது. ‘இயற்கையானது’ என்று நகரத்துக் கடைகளில் கூடுதல் விலைக்கு விற்பதும் இந்தக் கழுவாத உப்புதான், அது தனி வேடிக்கை. பக்கத்து வீட்டு அக்கா கல்லுப்பும் வேண்டாம் தூள் உப்பும் வேண்டாம் என்று இந்துப்புக்கு மாறிவிட்டார், 84 தாதுக்கள் இருக்கிறதாம். தாது என்றால் ஈயமும் தாதுதான் அக்கா என்றேன், கோபித்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் விற்கும் இளஞ்சிவப்பு உப்புகளைச் சோதித்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு மாதிரியில் ஈயம் அந்த நாட்டு வரம்பான 2 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. உப்பை மாற்றினால் பிரச்சினை தீராது என்பதற்காகச் சொல்கிறேன்.

தூத்துக்குடிக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. வெளியூர்க்காரர்கள் உப்பு என்றால் கடலிலிருந்து வாய்க்கால் வெட்டி விளைவிப்பது என்று நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் ஏராளமான அளங்களில் ஓடுவது போர் போட்டு எடுக்கும் நிலத்தடி உவர்நீர். கடல்நீரைவிட டிகிரி கூடுதல், அதனால் சீக்கிரம் விளையும். அப்படியானால் நான் மேலே சொன்ன கடல்நீர்த் தரம் இந்த அளங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. குடிநீர்த் தரமும் பொருந்தாது, அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. பாசன நீரும் இல்லை. எந்தப் பட்டியலிலும் ஒட்டாத தண்ணீர். ஆனால் அதுதான் உப்பாகி எல்லார் வீட்டுச் சோற்றிலும் விழுகிறது.

2018 ஜூலையில் மத்திய அரசு மாநிலங்களவையில் ஒரு பதில் சொன்னது. தூத்துக்குடி சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதி நிலத்தடி நீரில் ஈயம், காட்மியம், குரோமியம், மாங்கனீசு, இரும்பு, ஆர்செனிக் ஆகியவை குடிநீர் வரம்பைத் தாண்டியிருப்பதை மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்டதாக. அந்த வருஷம் மே 22-ஆம் தேதி எங்கள் ஊரில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தில், துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை இழந்த ஊருக்கு அதை நினைவூட்ட மடல் தேவையில்லை. சிப்காட் உள்நிலத்தில் இருக்கிறது, அளங்கள் கடலோரத்தில். அங்கே கண்டது இங்கேயும் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அது அறிவியல் ஆகாது. ஆனால் அங்கே கண்ட பிறகு இங்கே பார்த்தீர்களா என்று கேட்பேன். பார்த்திருந்தால் அந்த எண்களை ஊருக்குச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியும் காட்டாற்று ஓடைகளும் ஊரைச் சுற்றி வளைத்தன. அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து கடலுக்கே திரும்பிப் போனது. வெள்ளம் வடிந்ததும் பாத்திகளில் நின்ற வண்டலை வழித்துப் போட்டுவிட்டு, மறுபடி மிதித்துப் பதப்படுத்தி, அடுத்த பருவத்துக்கு உப்பு எடுத்தார்கள். அந்த வண்டல் எந்தெந்த ஓடை வழியாக, எந்தெந்தக் குவியலைக் கரைத்துக்கொண்டு வந்தது? உப்பாற்று ஓடைக் கரையில் தாமிர ஆலைக் கசடு கொட்டிக் கிடந்ததும், அது வழக்காகப் போனதும் உங்கள் வாரியத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் எத்தனை டன் உப்பு போனது என்று எழுதிக்கொண்டார்கள். என்ன வந்து சேர்ந்தது என்று கேட்டதை நான் பார்க்கவில்லை.

பாதரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கும் உப்புக்கும் பழைய உறவு. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகள் பல காலம் பாதரசத்தைத்தான் மின்முனையாக வைத்திருந்தன. இந்தியாவிலும் அப்படித்தான், பிறகு பாதரசம் வேண்டாத சவ்வு முறைக்கு மாறினார்கள், நல்லது. ஆனால் அந்தக் காலத்தில் சேற்றில் இறங்கிய பாதரசம், முறை மாறியதும் எழுந்து போய்விடாது. அடிச்சேற்று நுண்ணுயிர் அதை மெத்தில் பாதரசமாக்கி மீனுக்கு ஏற்றும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னக் கூடும். பாதரசத்தில் உப்பைவிட மீனுக்குத்தான் கணக்கு பெரிது. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே உப்போடு நிற்கிறேன்.

சரி, இவ்வளவு நுணுக்கமாக உப்பைக் குடைவானேன் என்று கேட்பீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அதற்கு விடை தெரியும், ஏனென்றால் அதே காரணத்துக்காகத்தான் அயோடினை உப்பில் கலந்தீர்கள். ஏழை, பணக்காரர், சைவம், அசைவம், ஆறு மாதக் குழந்தையைத் தாண்டியவர் எல்லாரும் தினமும் தின்னும் ஒரே பொருள் உப்பு. அதனால் அதில் எதைக் கலந்தாலும் எல்லாருக்கும் போய்ச் சேரும். நல்லதைக் கலக்க இது தோதான வாகனம் என்றால், கெட்டதற்கும் அதே வாகனம்தான். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது. நாம் 8 முதல் 11 கிராம் வரை தின்கிறோம், ஊறுகாயும் கருவாடும் இருக்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஈயம் என்ற வரம்பில் இருக்கும் உப்பை 10 கிராம் தின்றால், உப்பு வழியாக மட்டும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் ஈயம். தண்ணீர், அரிசி, மஞ்சள்தூள், பழைய சுவர்ப் பெயிண்ட் எல்லாம் தனி. ஈயத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு வரை தாங்கும் என்று முன்பு ஓர் அளவு இருந்தது. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, ‘இது வரை பாதுகாப்பு’ என்று காட்ட ஒரு கோடே கிடைக்கவில்லை என்பதால். குழந்தைகளின் மூளைக்கு அது செய்வதை நினைத்துத்தான். கோடெக்ஸ் உப்புக்கான ஈய வரம்பை 2-லிருந்து 1-ஆகக் குறைத்ததும் இந்த வரிசையில்தான்.

என் வீட்டு உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அயோடின் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாது என்று போட்டிருக்கிறது. ஈயம் இவ்வளவுக்கு மேல் இல்லை என்று எந்தப் பாக்கெட்டிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை. அயோடினை அங்கன்வாடியிலேயே ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். ஈயத்துக்கு அப்படிச் சொட்டு மருந்து கிடையாது. ஒரு தனியார் ஆய்வகத்தில் விசாரித்தேன். ஒரே ஒரு பாக்கெட்டை நான்கு உலோகத்துக்குப் பார்க்க அவர்கள் சொன்ன கட்டணத்தைக் கேட்டதும் அம்மா, “அந்தக் காசுக்கு நான் பத்து வருஷத்துக்கு உப்பு வாங்கிருவனே” என்றாள். சாதாரண ஆளால் ஆகிற காரியம் இல்லை இது. நீங்கள்தான் செய்ய முடியும்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரே நாளில், ஒரே அளத்தில், இரண்டு அலுவலகமும் சேர்ந்து வந்து நான்கு மாதிரி எடுங்கள். வாய்க்காலிலோ போரிலோ வரும் தண்ணீரில் ஒன்று. பாத்தியின் அடிச்சேற்றில் ஒன்று. வாரி வைத்த அம்பாரத்தில் ஒன்று. அதே உப்பு பாக்கெட்டாகி வெளியே போகும்போது ஒன்று. தண்ணீரைத் தனியே ஒருவர், பாக்கெட்டைத் தனியே இன்னொருவர் வெவ்வேறு மாதத்தில் எடுத்தால் இரண்டு கோப்புகள் கிடைக்குமே தவிர, எது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. தூத்துக்குடியில் தொடங்கி ஆறுமுகனேரி, வாலிநோக்கம், வேதாரண்யம், மரக்காணம் என்று போகலாம். வேதாரண்யத்தில் 1930-ல் உப்பை அள்ளுவதற்கே சிறை போனார்கள். இப்போது நாம் கேட்பது அந்த உப்பின் சோதனைச் சீட்டை மட்டும்தான்.

முடிவை வெளியிடும்போது ஒரு விஷயத்தில் எங்களை ஏமாற்றாதீர்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அறிக்கைகளில் வழக்கம். கருவியால் எவ்வளவு குறைவான அளவுவரை பார்க்க முடியும் என்பதைப் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை. கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்கத் தெரியாத கருவியை வைத்துக்கொண்டு, 0.1 வரம்புள்ள பாதரசம் கண்டறியப்படவில்லை என்று எழுதுவது, கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் திருடன் இல்லை என்பது மாதிரி. உப்பு வேறு சோதனைக்குச் சண்டித்தனம் பண்ணும் பொருள். அதிலுள்ள சோடியமே கருவியைக் குழப்பும். அதற்கு முறைகள் உண்டு, உங்கள் ஆய்வகத்தாருக்கும் தெரியும். எந்த முறை, எந்த அளவு வரை என்று சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தயங்கினால், அரசின் சொந்த உப்பில் தொடங்குங்கள். 1974-ல் அமைத்த தமிழ்நாடு உப்பு நிறுவனம் ராமநாதபுரம் கடலோரத்தில், வாலிநோக்கத்தில், அரசே உப்பு விளைவிக்கிறது. 2022-ல் ‘நெய்தல்’ என்று அழகான பெயர் வைத்துக் கடைக்கும் கொண்டுவந்தீர்கள். பள்ளிச் சத்துணவுக்கு இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு போகிறது. என் பள்ளிப் பிள்ளைகள் மத்தியானம் தின்பது அதைத்தான். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், எந்தத் தனியாரின் சம்மதமும் வேண்டாம். ஒரு பாக்கெட்டின் பின்னால் அயோடினுக்குக் கீழே, நான்கு உலோகங்களின் அளவையும் நான்கு வரியில் அச்சடித்தால் போதும். அரசு உப்பில் அந்த வரி வந்துவிட்டால், மற்றக் கம்பெனிகள் தங்கள் பாக்கெட்டில் அது ஏன் இல்லை என்று கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

வாரியத் தலைவர் அவர்களே, பாதரச வரம்பை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, டெல்லி கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது, அந்தக் கணக்கைப் போட்டு ஒரு கடிதம் எழுதுவது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட கணக்குதான். வேண்டுமானால் அவர்கள் நோட்டை நகலெடுத்துத் தருகிறேன்.

எனக்கு ஒரு பயமும் உண்டு, அதை மறைக்கவில்லை. நாளைக்கு நீங்கள் சோதித்து, ஏதோ ஓர் அளத்தில் எண் கூடுதலாக வந்துவிட்டால், முதல் வேலையாக அந்த அளத்தைப் பூட்டுவீர்கள். பத்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நடத்தும் சின்ன உற்பத்தியாளர் தெருவுக்கு வருவார். வாருகிற பெண்களுக்குக் கூலி போகும். ஏற்கெனவே மழை மாதங்களில் வேலை இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தை வைத்து நாலு மாதம் ஓட்டுகிறவர்கள் அவர்கள். உப்பு வெளிச்சத்தில் கண் போய், காலில் வெடிப்பு ஆறாமல் நடக்கிறவர்கள். ஈயத்தை அவர்கள் கடலில் போடவில்லை. ஆகவே எண் கூடினால், உப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பாத்தி, வாய்க்கால், ஓடை, குழாய்வாய் என்று போய், எங்கே தொடங்குகிறதோ அங்கே பூட்டுங்கள். அதுவரைக்கும் அந்த உப்பை உணவுக்கு விடாமல் ஆலைப் பயன்பாட்டுக்குத் திருப்ப வழி இருக்கிறது. நாட்டில் விளையும் உப்பில் பெரும்பங்கு ஏற்கெனவே ரசாயன ஆலைகளுக்குத்தானே போகிறது. சின்ன உற்பத்தியாளருக்கு விலை வித்தியாசத்தைக் கொடுங்கள். அந்தக் காசு யாரிடமிருந்து வர வேண்டும் என்பது குழாய்வாயில் நின்று பார்த்தால் தெரியும்.

சோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்தால், முதலில் சந்தோஷப்படுகிறவன் நான். அந்தத் தாளைப் பெரிதாக்கி வகுப்பில் ஒட்டுவேன். 2019-ல் உப்பில் சயனைடு கலக்கிறார்கள் என்று கைபேசிக்குக் கைபேசி வதந்தி பறந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கொடுத்தது: கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பெரோசயனைடு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, அந்த அளவில் தீங்கு இல்லை என்று. எண்ணோடு பதில் வந்ததும் வதந்தி அடங்கியது. உலோகம் பற்றியும் அப்படி ஒரு பறப்பு என்றைக்கோ வரத்தான் போகிறது. அன்றைக்குத் தூத்துக்குடி உப்பு என்றாலே வடக்கே வாங்க மாட்டார்கள். அப்போது எடுத்துக் காட்ட எங்கள் கையில் ஒரு தாள் வேண்டும்.

வருவதானால் மார்ச், ஏப்ரலில் வாருங்கள். வெயில் ஏறி உப்பு நன்றாக இறங்கும் மாதங்கள். காலை ஆறு மணிக்கு முன் வந்துவிடுங்கள், அப்போதுதான் வாரும் நேரம். தோல் செருப்பு போட்டுக்கொண்டு வர வேண்டாம், ஒரே நாளில் இற்றுப்போகும். எந்தப் பாத்தியில் போர்த் தண்ணீர், எதில் கடல் தண்ணீர், வெள்ளத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் வண்டல் கூடுதலாக நின்றது என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. முழங்கால் வலியோடு அவளும் வரப்பில் நடந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டில் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். அமிலத்தில் கழுவியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பாட்டிலில் ஒட்டியிருந்த ஈயத்தை எங்கள் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
உப்பு வாரிய ஒருத்தியின் மகன்,
தூத்துக்குடி